திரைக்கு வெளியே நீட்டிய கை

தேங்காப்பட்டணத்தில் எந்தக் கல்யாண வீட்டில் நெய்ச்சோறு வெந்தாலும் உப்புப் பார்க்க ஹபீபா பீவியைக் கூப்பிடுவார்கள். ஒரு பருக்கையை நாக்கில் வைப்பாள். குறைவென்றால் "ஒரு கை கூட இடு" என்பாள். சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கையைக் கழுவிக்கொள்வாள். அவள் கை கழுவிய பிறகு அந்தச் சோற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

புருஷன் மைதீன் பிச்சை கருவாட்டுச் சுமையோடு கொல்லத்துக்கும் ஆலப்புழைக்குமாக அலைகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் ஆண் கிடையாது. கூரை ஒழுகினாலும், ஆடு சினை பிடிக்கவில்லை என்றாலும் ஹபீபாதான் முடிவு சொல்ல வேண்டும். கேட்பதற்கு ஆள் இல்லாத வீட்டில் கேட்கிற பழக்கமும் மெல்லப் போய்விடும்.

திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்து திருக்கொச்சி ராஜ்யம் ஆன பிறகு வந்த ஒரு மாசி மாதத்தில், பூவாற்றுப் பக்கமிருந்து கரையோரமாகவே வைசூரி தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் செய்னம்பு அப்போது மூன்று மாதப் பிள்ளையோடு தாய் வீட்டில் இருந்தாள். அவள் மாப்பிள்ளை அலி அக்பருக்குக் கொழும்பில் கடை வேலை. மாமியார் வீடு குளச்சலில்.

வைசூரி வராமலிருக்கத் தடுப்பூசி அச்சு குத்துகிற சர்க்கார் ஆள் இஸ்ரவேல் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். சைக்கிளில் தோல்பையைக் கட்டிக்கொண்டு வந்தார். ஆண்களும் பையன்களும் மதரஸா முற்றத்தில் வரிசையாக நின்று குத்திக்கொண்டார்கள். பெண்களுக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்நிய ஆண் கையைப் பிடிப்பதா? தவிரவும் பெண்கள் வெளியே போகிறவர்கள் இல்லையே, நோய் அவர்களுக்கு எப்படி வரும்?

அந்த நியாயத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தவள் மைதீன் பிச்சையின் அக்காள் மீராம்மா. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு இருப்பவள்.

"வைசூரி என்ன, வாசல்ல நிண்ணு சலாம் சொல்லிட்டா மைனி வரும்?" என்றாள் ஹபீபா. "மீன்காரி வாறா, பால்காரி வாறா, ஆம்பிளைங்க ஊரெல்லாம் சுத்தி இஞ்சதான் சோறு திங்க வாறாங்க. இதுகூடவா வராது?"

"அதுக்காக அந்நிய ஆம்பிளைட்ட கையக் குடுக்கவா சொல்லுத?"

"பெருநாளுக்கு வளையல் செட்டியாருட்ட குடுக்கலியா?"

அந்தத் தெருவில் அது வழக்கம்தான். நடைவாசலில் சேலையைத் திரையாகக் கட்டுவார்கள். செட்டியார் வெளியே முற்றத்தில் உட்காருவார். உள்ளிருந்து ஒவ்வொரு கையாக நீளும், அவர் வளையலை ஏற்றுவார். முப்பது வருஷமாக வருகிற மனிதர், தெருவின் ஒரு முகத்தையும் பார்த்ததில்லை. கைகளைத்தான் தெரியும்.

"வளையல் மணிக்கட்டுலயாக்கும். இது தோளுக்குப் பக்கத்துல குத்துததில்லியா?" என்று மீராம்மா கடைசியாக ஒரு கல்லை எறிந்து பார்த்தாள்.

ஹபீபா இஸ்ரவேலை முற்றத்துக்கு வரவழைத்து, கதவுக்குப் பின்னால் நின்று அவரிடமே கேட்டாள்: "முழங்கைக்குக் கீழ குத்தினா மருந்து கேக்காதா?"

"மேல குத்தணும்னாக்கும் எங்க சட்டம்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உடம்புக்குச் சட்டம் தெரியாது உம்மா. எங்க குத்தினாலும் கேக்கும். வடுதான் எல்லாரும் காணத்தக்க கிடக்கும்," என்றார்.

"கிடக்கட்டு."

பெரியவர்களும் அதற்கு மேல் மறுக்கவில்லை. வளையலுக்கு ஆகுமென்று விட்டதை மருந்துக்கு ஆகாதென்று எப்படிச் சொல்வது?

ஹபீபா வீட்டு நடையில் திரை கட்டினார்கள். தெருப் பெண்கள் பின்வாசல் வழியாக வந்து உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் கை ஹபீபாவுடையது. பிறகு கைகள் நீண்டன. இஸ்ரவேல் ஸ்பிரிட் துடைத்து, மருந்துத் துளி வைத்து, பல் வைத்த வட்ட ஊசியை அழுத்தி ஒரு திருகு திருகினார். உள்ளே ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு விதமாகக் கத்த, மற்றவர்கள் சிரித்தார்கள்.

பிள்ளைக்கு அன்று வயிற்றோட்டம். அடுத்த வாரம் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வருவேன், அப்போது பிள்ளைக்குப் போடலாம் என்று இஸ்ரவேல் சொன்னார். ஹபீபா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தாள். திரும்பி வந்தபோது வரிசை முடிந்திருந்தது.

"நீ குத்தினியா மக்கா?"

செய்னம்பு ஆமென்று தலையை ஆட்டினாள்.

ஐந்தாறு நாள் கழித்து இரண்டு சேதிகள் ஒரே காலையில் வந்தன. பின்னால் உள்ள சந்தில் தோணிக்காரன் ஒருவனுக்கு வைசூரி கண்டிருக்கிறது என்பது ஒன்று. மற்றது வீட்டுக்குள்ளேயே இருந்தது. மீராம்மா காய்ச்சலில் படுத்திருந்தாள். கஞ்சி கொண்டுபோன ஹபீபா, டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துத் துப்பட்டியை விலக்கினாள். இடது கையில் ஒரு கொப்புளம் முத்துப்போல எழும்பியிருந்தது. வலது கையிலும் ஒன்று.

"இதென்ன மைனி? ஒருத்திக்கு ஒண்ணுதானே?"

மீராம்மா சுவரைப் பார்த்தாள். "செய்னம்பு அழுதா ஹபீபா. காய்ச்சல் வந்தா பால் வத்திப்போவும்னு பேடிச்சு அழுதா. பொறத்த இருக்கவன் கையத்தானே பாக்கான், ஆளயா பாக்கான்? நான் எனக்க மத்த கைய நீட்டினேன்."

குத்தக்கூடாது என்று நின்றவள் இரண்டு கையிலும் குத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். வேறு நாளாக இருந்தால் ஹபீபா இதைச் சொல்லிச் சொல்லித் தெருவையே சிரிக்க வைத்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. தோணிக்காரன் வீட்டுச் சுவருக்கும் இந்த வீட்டுக் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

"கஞ்சியக் குடியுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு மகளிடம் போனாள்.

செய்னம்பு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பால் வத்திப்போவும்னு ஆருட்டி உனக்குச் சொன்னது?"

"கொளச்சல் மாமியாக்கும். பேறு பாக்க வந்தப்பவே சொன்னா. ஊசி கீசின்னு ஆராவது வந்தா விடாதே, எனக்க மவனுக்க வார்த்த இல்லாம பேரப்புள்ள மேல ஒருத்தனும் கை வைக்கப்பிடாதுன்னா."

"கொழும்புலேருந்து வார்த்த வாறது வர வைசூரி வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குமா?"

"பால் வத்தினா இவன் என்ன செய்வான் உம்மா?"

ஹபீபா அவள் எதிரில் உட்கார்ந்தாள். "வத்தினா ஆட்டுப்பால் இருக்கு. கஞ்சித்தெளி இருக்கு. தெருவுல பால் குடுக்க ரெண்டு பேரு இருக்காங்க. நீ போயிட்டா அவனுக்கு என்னட்டி இருக்கு?"

பிள்ளை பாலை விட்டுவிட்டு எதற்கோ சிரித்தது.

இஸ்ரவேல் வரும் நாள்வரை காத்திருக்க ஹபீபாவுக்கு மனமில்லை. அவர் பக்கத்தூரான புதுக்கடைப் பள்ளிக்கூடத்தில் இருப்பதாக மீன்காரி சொன்னாள். துப்பட்டியைப் போர்த்தி, குடையை விரித்து, மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பட்டப்பகலில் ஆண்கள் நடமாடும் வழியாகவே நடந்தாள். டீக்கடையில் ஒருவர் எழுந்து, "மைதீன் பிச்சைக்க வீட்டுக்காரியா? எங்க போறிய?" என்றார்.

"புதுக்கடைக்கு," என்றாள் ஹபீபா, நிற்காமல்.

பள்ளிக்கூட வராந்தாவில் திரை இல்லை. கள்ளிறக்குகிறவர்களின் பெண்டாட்டிகள், கயிறு திரிக்கிற பெண்கள், பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி எல்லோரும் ஒரே வரிசையில் கையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். இஸ்ரவேல் குடைக்குக் கீழே நின்ற இருவரையும் பார்த்தார். முன்பு கையை மட்டும் பார்த்த வீட்டார் என்பதால் யாரென்று விளங்கவில்லை.

"தேங்காப்பட்டணம். ஒரு கை தப்பிப்போச்சு," என்றாள் ஹபீபா.

அவர் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். செய்னம்பு பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"முதல்ல எனக்கு," என்றாள். குப்பாயத்தின் கையை அவளே தோள்வரை சுருட்டினாள். "சட்டப்படி எங்க குத்தணுமோ அங்கயே குத்துங்க."

ஹபீபா மகளைப் பார்த்தாள். பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் பால் குறைந்தது. பிள்ளை அழுத அழுகையில் வீடே தூங்கவில்லை. ஹபீபா கருப்பட்டியும் பூண்டும் போட்டு உளுந்தங்கஞ்சி வைத்து மகளைக் குடிக்கச் செய்தாள். பால் திரும்பி வந்தது. பின்சந்தில் தோணிக்காரன் பிழைத்துக்கொண்டான். அவன் தாயும் மகளும் இறந்துபோனார்கள். அந்தச் சிறுமி செய்னம்புவின் கல்யாணத்தில் பூந்தட்டு ஏந்தியவள்.

பிள்ளையின் கையில் பொருக்கு உலரத் தொடங்கியபோது குளச்சலிலிருந்து மாமியார் வில்வண்டியில் வந்து இறங்கினாள். யாரோ சொல்லியிருந்தார்கள். உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பிள்ளையின் சட்டையை விலக்கிப் பார்த்தாள்.

"ஆரக் கேட்டு இதச் செய்தியோ?"

"ஆரயும் கேக்கல," என்றாள் ஹபீபா.

"எனக்க மவனுட்ட ஒரு வார்த்த எழுதிக் கேட்டா என்ன? பேரப்புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா ஆரு பதில் சொல்லுவா? நீங்களா?"

"நானாக்கும்" என்று சொல்ல ஹபீபா வாயெடுத்தாள். அதற்குள் செய்னம்பு அடுக்களை வாசலிலிருந்து வெளியே வந்தாள். தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"உம்மா கூட்டிட்டுத்தான் போனா மாமி. கைய நீட்டினது நான். புள்ளயக் குடுத்ததும் நான். அவருட்ட நானே சொல்லுவேன்."

மாமியார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். இந்தப் பெண் தன் முகத்தைப் பார்த்து இத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. பிறகுதான் உட்கார்ந்தாள்; பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதன் கையைத் தொடாமல் காலை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள். சாப்பிட அழைத்ததற்கு வேண்டாம் என்றாள். வண்டி கட்டச் சொன்னாள்.

ஹபீபா வாசல்வரை வந்தாள். "பொருக்கு உதிர்ந்ததும் புள்ளயக் கொண்டு விடுதோம் சம்மந்தி," என்றாள். மாடு நகர்ந்தது.

உள்ளே செய்னம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "இனி அங்க போனா எனக்கு என்ன பாடு கிட்டும் உம்மா?"

"கொஞ்ச நாள் கிட்டும்," என்றாள் ஹபீபா. "புள்ளய எடு. அவனுக்குப் பசிக்கு."