எந்தக் கூண்டில் என் தம்பி

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. எலிக்குத் தீனி தண்ணி வைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். சத்தம் போட்டால் எலி மிரளும் என்று மெதுவாகவே பேசிப் பேசி, வீட்டிலும் என் குரல் எழும்பாமல் போய்விட்டது. வீட்டில் ஒரு சீக்காளியை விட்டுவிட்டு, வேலை செய்கிற இடத்தில் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

பூனை வாசனை

எண்ணூர் போகிற ரோட்டில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்துக்குப் பின்னால் எங்கள் லேப். அதற்கு முன்னால் நான் காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். லேபில் சேர்ந்த அன்று குளித்து, தலைக்குத் தொப்பி, வாய்க்குத் துணி, கைக்கு உறை எல்லாம் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போனேன். நான் நுழைந்ததும் எலிகள் எல்லாம் மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

கோதண்டம் என்னைவிடச் சின்னவன், ஆனால் அந்த வேலையில் எனக்கு மூத்தவன். வியாசர்பாடிக்காரன். என்னை வெளியே கூட்டிவந்து இன்னொரு தடவை குளிக்கச் சொன்னான். மீன் கவிச்சிக்கா இவ்வளவு பயம் என்று கேட்டேன்.

"மீன் வாசனை பரவால்லக்கா. மீனுக்காக உன் பின்னாடி சுத்திகினு இருந்துச்சு பாரு பூனை, அதோட வாசனைதான் இதுங்களுக்கு ஆவாது."

குடித்தனம் மாற்றுவது

இந்த எலிகளுக்குப் பிறவியிலேயே ஈரலில் கோளாறு. அப்படிப் பிறக்கிற மாதிரியே உண்டாக்கியிருக்கிறார்கள். தண்ணியில் ஒரு மருந்து கலந்து கொடுத்துக்கொண்டிருந்தால் பிழைத்துக் கிடக்கும். மனுஷ ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் பண்ணி, அதை ஈரல் செல்லாக வளர்த்து, எலிக்குள் ஊசியால் விடுவார்கள். பிறகு மருந்துத் தண்ணியை நிறுத்திவிட்டு வெறும் தண்ணி வைப்போம். எலியின் சொந்த ஈரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போக, காலியான இடத்தில் மனுஷ ஈரல் வேர் பிடிக்க வேண்டும். பிடித்தால் எடை ஏறும். பிடிக்காவிட்டால் எலி சுருண்டுவிடும். பிடித்த எலிக்குப் புது மருந்துகளைக் கொடுத்து, மனுஷ ஈரல் அதைத் தாங்குமா என்று பார்ப்பார்கள்.

இதெல்லாம் இந்த ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டரம்மா எனக்குப் பொறுமையாகச் சொன்னது. தினமும் எடை போட்டு எழுதுவது என் வேலை. எந்த எலிக்கு எப்போது மருந்துத் தண்ணி என்பது டாக்டரம்மா சொல்ல வேண்டியது. நான் புரிந்தது போலத் தலையாட்டினேன். புரியவில்லை என்று கண்டுபிடித்த கோதண்டம் அப்புறம் தனியாகச் சொன்னான்.

"நம்ம ஹவுசிங் போர்டு மாதிரிதான்கா. பழசை இடிச்சாதான் புதுசு வரும். நடுவுல எங்க போய் படுக்கிறதுன்னு மட்டும் யாரும் கேக்கக்கூடாது."

சேவியர்

என் தம்பி சேவியர் ஹார்பரில் கிரேன் ஓட்டினவன். எங்கள் குடும்பத்திலேயே மூளைக்காரன். பாரத்தைத் தூக்குமுன்னே அது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிடுவான். சின்ன வயசில் வந்த மஞ்சள்காமாலை உள்ளேயே தங்கி அவன் ஈரலைக் கல்லாக்கிவிட்டது. ஒரு சொட்டு குடித்தவனில்லை. ஆனாலும் கல்மண்டபத்தில் எங்கள் தெருவே அவனைக் குடிகாரன் என்றது. வயிற்றில் நீர் கோத்து, மாசம் இரண்டு தடவை ஊசி போட்டு இறக்கினார்கள். என் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்றேன். சோதித்துப் பார்த்துவிட்டு, ஆகாது என்றார்கள்.

"எலிக்குள்ள வளர்றத அவனுக்கு வைக்க முடியாதா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை. எலிக்குள் வளர்வது சுண்டுவிரல் நகத்தளவு, வெளிநாட்டில் பன்றிக்குள் வளர்க்கப் பார்க்கிறார்கள், உங்கள் தம்பி காலத்துக்குள் வராது என்றார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரியில் எங்கள் லேபுக்காக நோயாளிகளிடம் ரத்தம் கேட்டார்கள். என்னிடம்கூடச் சொல்லாமல் சேவியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். லேபுக்குப் பேர் வராது, வெறும் நம்பர்தான் வரும். ஏன்டா கொடுத்தாய் என்று சண்டை போட்டேன்.

"எந்த எலி நானுன்னு உனக்குத் தெரியாதில்ல? அப்ப எல்லாத்தையும் ஒழுங்கா பாத்துக்கோக்கா."

சனிக்கிழமை

ஏழெட்டு மாசம் கழித்து, மூன்றாவது அடுக்கில், மனுஷ ஈரல் செல்லை ஊசியால் விட்டிருந்த ஆறு எலிகளுக்கு மருந்துத் தண்ணியை நிறுத்தினார்கள். நாளுக்கு நாள் இளைத்தன. மயிர் சிலிர்த்து, முதுகு கூன் போட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேவியரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான்.

அன்று சனிக்கிழமை. கோதண்டம் லீவு. நான் மட்டும்தான். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை. பக்கத்து அடுக்கில் உபரியாக இருந்த, நீல டேப் ஒட்டின மருந்துத் தண்ணி பாட்டில்களை எடுத்து ஆறு கூண்டிலும் மாட்டினேன். என்ன குடி குடித்தன தெரியுமா. திங்கட்கிழமை காலையில் யாரும் வருமுன்னே கழற்றி வைத்துவிட்டு எடை போட்டேன். ஆறும் ஏறியிருந்தது. அப்படியே எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா வந்து நோட்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். மூன்று வருஷமாக அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"லூர்தம்மா, புடிச்சிடுச்சு. ஆறுலயும் புடிச்சிடுச்சு."

ஆறும் ஒரே நாளில்

அன்று சாயங்காலம் தம்பியிடம் போய், ஆறு எலியும் தேறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஆறுமேவா? ஒரே நாள்லயா? இந்த வார்டுல ஆறு பேரு ஒண்ணா தேறி நான் பாத்ததில்லையே. நீ இன்னா பண்ணே?"

சொன்னேன். வேலை போய்விடும்டா, உன் மருந்துச் செலவுக்கு என்ன பண்ணுவேன் என்றேன். அவனுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் விட்டு விட்டுப் பேசினான்.

"புடிக்காததைப் புடிச்சுதுன்னு அந்தம்மா எழுதிட்டா, அதை நம்பி நாளைக்கு ஒரு மருந்து வரும். அது என்னை மாதிரி ஒருத்தன் வாயிலதான் வுழும். போய் சொல்லிட்டு வாக்கா."

நீ போய் டீ குடி

மறுநாள் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. நோட்டில் அந்த ஆறு எடையையும் கோடு போட்டு அடித்தார். அந்த ஆறும் இனி பரிசோதனைக்கு ஆகாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது தோன்றியது.

பரிசோதனைக்கு ஆகாத எலியை வைத்துக்கொள்வதில்லை. கேஸ் பெட்டிக்குள் வைத்து முடித்துவிடுவோம். முறைப்படி அன்று அது என் பங்கு வேலை. மூன்றாவது அடுக்குக்குப் பக்கத்தில் போய் நின்றவள், கையை நீட்ட முடியாமல் நின்றேன். கோதண்டம் வந்து என் கையிலிருந்த உறையைக் கழற்றினான். தம்பி ரத்தம் கொடுத்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"நீ வெளியே போய் டீ குடிச்சிட்டு வாக்கா. நான் பாத்துக்கிறேன்."

செருப்புச் சத்தம்

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆறும் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் ஒவ்வொரு மாதிரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வார்டுக்குள் நுழைந்தால் சேவியர் சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அப்பாடா என்று ஸ்டூலில் உட்கார்ந்தேன். நெற்றியைத் தொட்டேன், அசையவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினேன்.

விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஓடினேன். பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரம், புளியந்தோப்புக்காரம்மா, என்னைப் பிடித்துக்கொண்டு அழுதது. அழுகைக்கு நடுவில் சொன்னது.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தான் முழிச்சிகினு என்னாண்ட பேசிகினு இருந்தாரும்மா. வராண்டாவுல உன் செருப்புச் சத்தம் கேட்டப்புறம்தான் போர்வையை இழுத்து மூடிகினு தூங்கினாரு."

ஆறும் போயிருக்கும் என்று முன்னமே கணக்குப் போட்டு, என்னை வாய் திறக்கவிடாமல் செய்த அந்தப் பொய்த் தூக்கம்தான் என் தம்பி கடைசியாகக் காட்டிய கெட்டிக்காரத்தனம், அது எப்போது நிஜத் தூக்கமாக ஆயிற்று என்பதைக்கூட ஒருவருக்கும் காட்டிக்கொள்ளாமல் போய்விட்டான்.