நான் வாசித்த தந்தி

கணவரைப் பார்த்த டொக்டர், "அட்மிட் பண்ணவேணும்" என்றதும் எனக்குத் திரும்பவும் பத்து வயதாகிவிட்டது.

அப்போது எங்கள் கோப்பாய் வீட்டில் ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பல்கலைக்கழக நேர்முகத்தேர்வுக்குக் கொழும்பு போயிருந்த அண்ணை தந்தி அடித்திருந்தார். 'மெடிக்கல்', 'அட்மிட்டட்' இரண்டும்தான் எனக்கு விளங்கின.

"அண்ணையை ஆஸ்பத்திரியிலை மறிச்சுப்போட்டினம்" என்று வாசித்துச் சொன்னேன்.

அம்மா உலக்கையைப் போட்டுவிட்டுக் குழறி அழுதா. என் தகப்பன், ஐயா, சட்டையைக் கொழுவிக்கொண்டு, ரயிலைப் பிடிக்கச் சைக்கிளை எடுத்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்துவீட்டு வாத்தியார் தந்தியை வாங்கிப் பார்த்தார்.

"ஏன் அழுறியள்? இது மெடிக்கல் கொலிஜ் அட்மிஷன். உங்கடை பெடியன் டொக்டருக்குப் படிக்க எடுபட்டிட்டான்!"

நான் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் ஓடி ஒளித்தேன். எங்கள் ஒழுங்கைச் சனம் முழுக்க என்னைச் சொல்லிச் சிரித்தது. ஒரு கிழமை வாசல் படலையைத் தாண்ட வெட்கப்பட்டேன்.

அண்ணை வந்த அன்று வீடு நிறையச் சனம். யார் முதலில் சொல்லப்போகிறார்களோ என்று ஒவ்வொருவரின் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி வாயைத் திறந்தா. அதற்குள் நானே கேட்டுவிட்டேன்.

"அண்ணை, ஆஸ்பத்திரியிலை உங்களை எந்த வாட்டிலை வைச்சிருந்தவை?"

அண்ணை விளங்காமல் முழித்தார். எல்லாருக்கும் முதல் நான்தான் சிரித்தேன்.