அத்தானின் ஹெட்போன்

வேலணையில் அக்கா வீட்டில் தங்கியிருந்த காலத்தில் அத்தானைக் கண்டாலே எனக்கு எரிச்சல். கூப்பிட்டால் பல நேரம் திரும்பியும் பார்க்கமாட்டார். திமிர் என்று எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன்.

என் கெட்டித்தனத்தைக் காட்டவென்று, அவர் இல்லாத நேரம் அவருடைய பழைய ஹெட்போனைக் கழற்றிப் புது வயரும் பஞ்சும் போட்டேன். இரண்டு பக்கத்து ஒலியும் வலது பக்கத்துக்கே போகும்படி உள்ளே வயர் ஒட்டியிருந்தது. யாரோ வேலை தெரியாதவன் செய்தது என்று சிரித்துக்கொண்டு, அதையும் மாற்றிவிட்டேன்.

மாலையில் அதைப் போட்டுப் பார்த்த அத்தானின் முகம் கறுத்தது.

"ஆரைக் கேட்டுக் கழட்டினனீர்?"

"பிழையா ஒட்டியிருந்தது அத்தான். திருத்தினனான்."

"எனக்கு இடது காது கேளாது. நான்தான் அப்பிடி ஒட்டினனான். இனி என்ர சாமானிலை கை வைக்காதையும்."

சமையல் கரண்டியோடு குசினி வாசலில் நின்ற அக்கா திகைத்துப்போனாள். அவளுக்கும் அது அன்றுதான் தெரியவந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அத்தான் இன்றுவரை என்னோடு பேசவில்லை. மனைவியிடம்கூடச் சொல்லாததை அவர் வாயாலேயே சொல்லவைத்தவன் நான். அவர் பேசாததில் எனக்குக் கோபமில்லை.