அப்பா கீறிய இருநூறு மீற்றர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் கடைசியாக வருகிற பிள்ளைக்கும் ஒரு ரிப்பன் உண்டு. ஒவ்வொரு வருடமும் அதற்கு ஓடர் கொடுப்பவள் நான்தான். ‘பங்குபற்றினார்’ என்று பொன்னிறத்தில் அச்சடித்த ஊதா ரிப்பன்கள் பெட்டியாக வந்து இறங்கும். ஸ்காபரோவில் பல வருடங்களாக உடற்கல்வி படிப்பிக்கிறேன். நீ முதலாவது, நீ மூன்றாவது என்று ஒரு பிள்ளையிடமும் நான் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. சொல்லாமல் இருப்பதுதான் இப்போதைய மரியாதை.

எனக்கு முந்தியவர்களின் காலம் வேறு. ஓய்வுபெற்றுப் போன மூத்த ஆசிரியர் ஒருவர் ஜிம்மின் கூரையைக் காட்டிக் கதை சொல்வார். அங்கே தடித்த கயிறுகள் தொங்கினவாம். பிள்ளைகள் உச்சிவரை ஏறவேண்டுமாம். ஏறமுடியாதவன் எல்லோரும் பார்க்கக் கீழே நின்று அழுவானாம். கம்பியில் தொங்கவிட்டு எத்தனை வினாடி தாங்குகிறான் என்று பார்த்து, அதற்கேற்றபடி சின்னம் கொடுத்தார்களாம். பிறகு கயிற்றைக் கழற்றினார்கள், சின்னத்தை நிறுத்தினார்கள், எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நின்று பிடித்து ஆட்டுவதற்கு வண்ண வண்ணமாக ஒரு பெரிய பரசூட் துணி வாங்கினார்கள். அந்தப் பரசூட் காலத்துப் பிள்ளை நான். இந்த மாற்றமெல்லாம் நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யாராவது கேட்டால் அப்பாவின் ஞாபகம் குறுக்கே வந்துவிடும்.

அப்பா ஊரில் பி.ரி. மாஸ்டர், அதாவது உடற்பயிற்சி ஆசிரியர். அவருக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் இரண்டாம் பட்சம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிதான் அவருடைய பெருநாள். நான் கைக்குழந்தையாகக் கனடாவுக்கு வந்தவள், அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அணிநடை, வெற்றி மேடை, பிரதம விருந்தினரின் நீளமான பேச்சு எல்லாம் அவர் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். அவருக்கோ இவை ஒன்றும் பெரிதல்ல, மைதானத்தில் போடும் கோடுதான் பெரிது. கோடு பிழைத்தால் போட்டி பிழை என்பார். இங்கே அவர் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கினார். விசில் மட்டும் எங்கள் குசினியில் சாவிகளோடு சேர்ந்து தொங்கியது. அம்மா அதைத் தூசு தட்டும்போது ஊதிப் பார்ப்பதுண்டு.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஆனி மாதம், பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை விளையாட்டு நாள், விரும்பிய பெற்றோர் காலை எட்டு மணிக்கு வந்து மைதானத்தை ஆயத்தம் செய்ய உதவலாம், ஒன்பதரைக்குத் தொடக்கம். அப்பா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். வேலைக்கு லீவு சொன்னார். பிறகு மூன்றாம் தரமும் வாசித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

“எட்டு மணிக்கு வந்து ஒன்பதரைக்குப் போட்டி வைக்கப் போறாங்களாம். உவங்கள் எப்ப கோடு போடுறது?”

அம்மாவுக்கு அந்தக் கேள்வியின் ஆபத்து விளங்கவில்லை. விளங்கியிருந்தால் அலுமாரிக்குள் இருந்த இரண்டு பத்துக் கிலோ கோதுமை மாப் பைகளையும் அப்போதே ஒளித்திருப்பார்.

புதன்கிழமை பின்னேரம் நானும் அப்பாவும் மைதானத்துக்குப் போனோம். டோர்செட் பார்க் பகுதியில் எங்கள் கட்டடத்திலிருந்து தெருவைக் கடந்தால் பள்ளிக்கூடம். ஆனி மாதத்தில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும். தள்ளுவண்டியில் மா, உடுப்புக் காயவிடும் கொடிக்கயிறு, ஒரு ஸ்குரூ டிரைவர், அடியில் ஆணியால் துளையிட்ட பால்மா ரின் ஒன்று. அப்பா மைதானத்தின் நீள அகலத்தைக் காலால் அளந்தார். நானூறு மீற்றர் கொள்ளாது, இருநூறு கொள்ளும் என்று முடிவுசெய்தார். அந்த முகத்தை நான் அதற்கு முதல் கண்டதில்லை. வீட்டில் அவர் கடிதங்களுக்கும் பில்களுக்கும் நடுவே எதையோ தொலைத்தவர்போல் இருப்பார். மைதானத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வளைவுக்கு நடுவில் ஸ்குரூ டிரைவரைக் குத்தி, அதில் கட்டிய கயிற்றோடு என்னைக் குந்தியிருக்கச் சொன்னார். மறு நுனியைப் பிடித்தபடி, ரின்னை மெல்லத் தட்டித் தட்டி, அரை வட்டமாக நடந்தார்.

“இறுக்கிப் பிடி, பிள்ளை. உன்ரை கை அசைஞ்சால் என்ரை வட்டம் கோணல்.”

நான்கு லேன்கள். வெளி லேனில் ஓடுகிறவன் கூடுதல் தூரம் ஓடாமலிருக்க, அவனை எவ்வளவு முன்னால் நிறுத்தவேண்டும் என்று கடதாசியில் கணக்குப் போடாமலே சொன்னார். ஒவ்வொரு லேனுக்கும் ஆறேகால் மீற்றரும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்துக்காக முழங்காலில் இருந்து இரண்டு தரம் அளந்தார். முடியும் தறுவாயில், பின்னேரங்களில் அங்கே நடக்க வரும் சீனத் தாத்தா ஒருவர் வந்தார். கோட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலாவது லேனுக்குள் இறங்கி, ஒரு கோட்டையும் மிதிக்காமல் முழுச் சுற்று நடந்தார். அந்தப் பாதையைச் சரியான திசையில் சுற்றி முடித்த ஒரே ஆள் அவர்தான்.

எங்கள் பன்னிரண்டாம் மாடிப் பல்கனியிலிருந்து பார்த்தபோது பச்சைப் புல்லில் வெள்ளைக் கோடுகள் ஒரு பிசகில்லாமல் வளைந்து கிடந்தன. அப்பா அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

“வடிவாத்தான் கிடக்கு. நாளைக்குப் பிட்டுக்கு என்ன செய்யிறது?”

மறுநாள் காலை பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது. மா என்றால் மனிதருக்கு மட்டுமா பிடிக்கும்? ஏரிப் பக்கமிருந்து வந்த சீகல் பறவைகளும் கனடா வாத்துகளும் கோடு கோடாக இருந்து கொத்திக்கொண்டிருந்தன. போட்டிக்கு வந்த இல்லங்களைப்போல் ஒவ்வொன்றும் தன் லேனில் நின்றது. பள்ளிக்கூடத்தைப் பராமரிக்கும் கெயார்ரேக்கர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அதிபரின் கவலை பறவைகள் அல்ல. அந்த நாட்களில் தபாலில் வந்து ஆட்களைக் கொன்ற நச்சு வெள்ளைத் தூளைப் பற்றித் தொலைக்காட்சி சொல்லிச் சொல்லிப் பெரியவர்களே பயந்து போயிருந்தார்கள். இங்கே ஒரு மைதானம் முழுக்க வெள்ளைத் தூள்.

ஒலிபெருக்கியில் அதிபரின் குரல் வந்தது. ஒருவரும் வெளியே போகக்கூடாது. யன்னல்களைச் சாத்தவேண்டும். தூள் என்னவென்று தெரியும்வரை விளையாட்டு நாள் இல்லை. யாருக்காவது ஏதாவது தெரிந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லவேண்டும். தெரியாவிட்டால் பொலிசைத்தான் கூப்பிட வேண்டிவரும்.

எனக்குத் தெரியும். அந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும். கையை உயர்த்தி, அது மா, என் அப்பா போட்டது என்று சொன்னால் போதும். எனக்கு முன்னாலிருந்த பையன் விளையாட்டு நாள் போய்விட்டதென்று விம்மத் தொடங்கியிருந்தான். நான் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். பொலிஸ் அப்பாவைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், அதைவிடப் பெரிய பயம் வகுப்புச் சிரிக்கும் என்பது.

அப்போதுதான் அப்பா வந்தார். ஊரில் போட்டி நாளில் உடுப்பதுபோலவே வெள்ளைச் சேட், வெள்ளை லோங்ஸ், வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, கழுத்தில் விசில். மைதான விளிம்பில் நின்ற அதிபரிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னார். அதிபர் விளங்கவில்லை என்று தலையை ஆட்டினார். அப்பா மறுபடி சொன்னார். அவருடைய ஆங்கிலம் அவசரத்துக்கு உதவாது. அதிபர் தடுக்கத் தடுக்க மைதானத்துக்குள் நடந்தார். பறவைகள் எழும்பின. முடிவுக்கோட்டில் குனிந்து இரண்டு விரலால் மாவைக் கிள்ளி எடுத்து வாயில் போட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு அதிபரைப் பார்த்துத் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார்.

யன்னலில் ஒட்டிக்கொண்டிருந்த முழு வகுப்பும் கத்தியது. அந்த ஆள் புல்லைத் தின்கிறான் என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெலிசா என் பக்கம் திரும்பினாள். மாசி மாதம்தான் எங்கள் வகுப்புக்கு வந்தவள், அதற்குள் என் உயிர்த்தோழி ஆகிவிட்டவள், என் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. அது உன் அப்பாவா என்று கேட்டாள். அதே நெற்றி, அதே காது, நடைகூட ஒன்றுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன். ஆளை எனக்குத் தெரியாது என்றேன்.

அது மாதான் என்று அதிபருக்கு விளங்கியது. விளையாட்டு நாள் தொடங்கியது. நாங்கள் நடைபாதையில் வரிசையாக வெளியே போக, அப்பா எதிரே உள்ளே வந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைத்தான் தேடுகிறார் என்று தெரிந்தது. நான் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை. வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துகள் என் தலைக்கு நேரே வந்து நின்றன. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின.

அதற்குப் பிறகு எல்லாம் சந்தோசம்தான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஈரப் பஞ்சை எறிந்தோம், சாக்குக்குள் துள்ளினோம், பரசூட்டின் கீழே புகுந்து ஓடினோம். பரசூட்டை அப்பாவின் நேர்கோட்டுக்கு மேலேயே விரித்திருந்தார்கள். எங்கள் ஜிம் ஆசிரியர், வயது குறைந்தவர், படிப்படியாக முன்னால் போன தொடக்கக் கோடுகளைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். இதைப் போட்டவருக்கு வேலை தெரியும் என்று அதிபரிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சு நிறையப் பெருமை வந்தது. அதை யாருக்கும் காட்டாமல் விழுங்கினேன். பிறகு அவர், பாதைதான் இருக்கிறதே, ஓடுங்கள் என்றார். அறுபது பிள்ளைகள் ஒரேயடியாக, லேனாவது கோடாவது என்று, கடிகாரம் சுற்றும் திசையில் ஓடினோம். ஓட்டப் பாதையில் அது தலைகீழ்த் திசை. வேலியோரம் நின்ற அப்பா ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டதைக் கண்டேன்.

அவருக்குக் கிடைத்த வேலை ஃபிரீசி கொடுப்பது. பிளாஸ்ரிக் குழாய்க்குள் உறைந்த இனிப்புத் தண்ணீர், அன்றைக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. பி.ரி. மாஸ்டர் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நின்றார். வரிசையில் எனக்கு முன்னால் மெலிசா. நான் அவளை வேறு பக்கம் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. தன்னுடையதை வாங்கிக்கொண்டு, என்னைக் கையால் காட்டி, நீங்கள் இவளுடைய அப்பாவா என்று நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபமில்லை. ஒரே ஒரு பார்வைதான்.

“நோ, நோ. ஐ ஆம் வொலன்ரியர்.”

பிறகு, மற்றப் பிள்ளைகளைக் கேட்டதுபோலவே, என்ன நிறம் வேண்டும் என்று என்னையும் ஆங்கிலத்தில் கேட்டார். நான் நீலம் என்றேன். நுனியை வெட்டி, அடியில் ரிசுக் கடதாசி ஒன்றை இரண்டு மடிப்பாகச் சுற்றி என் கையில் தந்தார். மெலிசா தன்னுடையதைக் குளிர் தாங்காமல் கை மாற்றி மாற்றிப் பிடித்தபடி, உனக்கு மட்டும் ஏன் ரிசு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இரவு சாப்பிடும்போது, போட்டி எப்படி என்று அம்மா கேட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“பிள்ளை நல்லா ஓடினவள்.”

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்பாவும் என்னைப்போலவே பயந்துபோய்த்தான் மெலிசாவிடம் பொய் சொல்லியிருக்கிறார், இனி அவர் என்னை அம்மாவிடம் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று பத்து வயதுப் புத்தி கணக்குப் போட்டது. கூட்டுக் கள்ளன் ஒருவன் கிடைத்த நிம்மதியில் நன்றாக நித்திரை கொண்டேன். கணக்கு பிழை என்று தெரிய எனக்குப் பல வருடங்கள் சென்றன. அந்த மனிதருக்குப் பயப்பட அங்கே என்ன இருந்தது? முழுப் பள்ளிக்கூடமும் யன்னலில் நின்று பார்க்க, மாவை எடுத்து வாயில் போட்டு, அந்தக் கோடுகள் தன்னுடையவை என்று சொன்னவர் அவர். தன்னுடையவள் என்று என்னை மட்டும்தான் சொல்லவில்லை. சொல்லவேண்டாம் என்று நான்தான், குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி, அவரைக் கேட்டிருந்தேன்.