சமத்துவ நாளுக்கு ஒரு விசில்

சோளக்காடு என்ற எங்கள் மலையூரில் சமத்துவ நாள் விழாவைத் தொடங்கியவர் ஒரு பஸ் கண்டக்டர். ஒல்லி உடம்பு, காதோரம் நரை, கழுத்தில் கயிறு கட்டிய விசில். யாராவது பேச்சை நீட்டினால் அவர் கை தானாக விசிலுக்குப் போகும்.

முதல் வருடம் கூட்டமே இல்லை. நின்றிருந்த பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி, "சாதி பாக்கமாட்டேன்னு உறுதிமொழி எடுத்தாத்தானுங்க வண்டி கிளம்பும்" என்றார். பலாப்பழத்தைத் தோளில் வைத்தபடியே கையை நீட்டினார்கள். அடுத்த வருடம் கடைக்காரர்கள் சேர்ந்தார்கள். பிறகு தொலைவிலுள்ள குண்டனி நாட்டு மலையூர்களிலிருந்தே ஜனம் வந்தது. பந்தல், மைக், சுண்டல் எல்லாம் வந்தன. நாற்காலி மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் தார்ப்பாய்தான்.

போன வருடம் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகச் சொன்னார்கள். பள்ளி ஆசிரியரான நான் கண்டக்டரிடம் போனேன். "அவருக்கு மட்டும் ஒரு நாற்காலி போடலாமே?" என்றேன்.

"ஒருத்தருக்கு சீட்டுன்னா மத்தவங்கெல்லாம் ஸ்டேண்டிங்குங்க சார்."

வந்த அதிகாரி, முட்டிவலி, தரையில் உட்கார முடியாது என்றார். நான் நாற்காலி தேடி ஓடுவதற்குள் கண்டக்டர் மைக்கைப் பிடித்துவிட்டார்: "ஐயாவால உக்கார முடியாதுங்களாம். எல்லாரும் எந்திரிச்சுக்குங்க!"

மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. அத்தனை பேரையும் நிற்கவைத்து எவ்வளவு நேரம்தான் பேச முடியும்? அதிகாரி சட்டென்று முடித்துக்கொண்டார்.

எல்லோரையும் எழுப்பியது சமத்துவத்துக்காகவா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாலா? கேட்கலாமென்று திரும்பினேன். அதற்குள் கண்டக்டர் விசிலடித்து வண்டியைக் கிளப்பியிருந்தார்.