கதவில் மாட்டிய அபாயா

கட்டாரில் வேலை முடித்து இலங்கைக்குத் திரும்பிய விமானத்தில் எனக்குக் கழிப்பறைக்கு அடுத்த இருக்கை கிடைத்தது. இறங்குவதற்கு முன் அங்கே வரிசை நீளும். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்த பெண்கள் அதற்குள் போய்ப் புது உடுப்பு மாற்றித்தான் இறங்குவார்கள். விமான நிலைய வாசலில் காத்து நிற்கும் பிள்ளைகளுக்கு முன்னால் வேலைக்கோலத்தில் போக மாட்டார்கள்.

கடைசியாகப் போனவர் என் பக்கத்து இருக்கைக்காரி, ஏறாவூர்ப் பெண். அவர் வெளியே வரும்போது மடிப்புக் கதவு இரண்டு விரல் அளவு திறந்து, அப்படியே நின்றுவிட்டது.

பணிப்பெண் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு பணியாளர் வந்து, கதவைக் கழற்றப் போவதாகக் கையால் காட்டினார். உள்ளே அழுகைக் குரல் கேட்டது.

“கழட்ட வேணாம்! இழுத்த இழுவையில தலைத்துணி கழண்டிட்டு எனக்கு. அபாயாவும் கதவுக்க மாட்டிட்டு!”

அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை. பணியாளர் திருப்புளி எடுக்கப் போனார். இருக்கைகளில் இருந்த ஆண்கள் எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இருக்கைப் பட்டி போடச் சொல்லும் விளக்கும் எரிந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கதைக்கக் கூச்சம். நாலு மணி நேரம் பக்கத்தில் இருந்தும் அவரோடு இரண்டு வார்த்தைதான் கதைத்திருந்தேன். ஆனால் குனிந்து கதவின் அடியை மட்டும் பார்த்ததும் எனக்கு விசயம் பிடிபட்டது. கல் வைத்த அபாயா அங்கியின் ஓரம், கதவு ஓடும் தடத்துக்குள் சுருண்டு கிடந்தது. இழுக்க இழுக்க இறுகும். பனிச்சங்கேணியில் எங்கள் படகு இஞ்சினின் விசிறியில் வலை சுற்றினாலும் இதே கதைதான். வலையை இழுக்கக் கூடாது. விசிறியைக் கையால் பின்பக்கம் சுற்றினால், வலை போன வழியே கழன்று வரும்.

“தங்கச்சி, இழுக்காதீங்க. கதவ முதல்ல மூடுங்க.”

“மூடவா? விசரா அண்ணன் உங்களுக்கு? திறக்க ஏலாமத்தானே நிக்கிறன்!”

“திறக்கிறதுக்குத்தான் மூடச் சொல்றன். நானும் வெளியில பிடிக்கிறன். கதவு வரக்குள்ள துணிய உங்கட பக்கம் மெள்ளமா எடுங்க.”

பணியாளர் திருப்புளியோடு வந்தார். நான் கையைக் குறுக்கே நீட்டினேன். சீருடை போட்ட ஒருவரை அதற்கு முன் நான் மறித்ததேயில்லை. அவரும் நின்றார். கதவு கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்து, முழுதாகப் பொருந்தியது.

“வந்திட்டு அண்ணன்! கல்லு ரெண்டு போயிட்டு, துணி வந்திட்டு!”

“இப்ப ஆறுதலா தலைய மூடிற்று வாங்க.”

பணியாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை. பிறகு கதவு லேசாக மடிந்தது. முக்காடெல்லாம் சரியாகப் போட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல அவர் வெளியே வந்தார். எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

என் பக்கத்தில் இருந்து பட்டியை மாட்டிக்கொண்டு அவர் மெதுவாகச் சொன்னார்:

“ஊருக்க போய்க் கதைச்சிராதீங்க, அண்ணன்.”

“நான் எங்க தங்கச்சி கதைக்கிற? இண்டைக்குக் கதைச்சதே ஒரு வருசத்துக்குப் போதும்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விமானம் கீழே இறங்கத் தொடங்கியது.