நகுலேஸ்வரி அக்கா போட்ட பூச்சியங்கள்

நகுலேஸ்வரி அக்காவுக்கு எந்தப் படிவத்திலும் வெறும் கட்டம் இருக்கக்கூடாது. லண்டனுக்கு வந்த புதிதில், அகதி விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதற்காக இரண்டு வருடம் இழுத்தடித்தார்களாம். "தெரியாட்டிலும் ஏதாவது எழுதிப்போடு பிள்ளை" என்று எனக்கும் புத்தி சொல்லுவார். அந்தப் புத்தி ஐம்பத்தெட்டு வயதுவரை அவரைக் காப்பாற்றியது.

லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில், நாங்கள் இருவரும் நைஜர் நாட்டு மழையைப் பதிகிறோம். அந்த நாட்டின் பெரும்பகுதி பாலைவனம். தெற்கே ஒடுங்கிய ஒரு பட்டியில்தான் கம்பு விளையும். முதல் தூறலை நம்பி விதைத்தால், அடுத்த மழை பொய்த்து முளை கருகிவிடும். அதனால் ஊருக்கு ஒருவர் தினமும் மழைமானியைப் பார்த்து அளவை அனுப்புவார். மழை இல்லாவிட்டால் பூச்சியம் என்று அனுப்புவார். அவற்றைப் பார்த்து நாங்கள் 'விதையுங்கள்' அல்லது 'பொறுங்கள்' என்று செய்தி அனுப்புவோம்.

போன வருடம் ஜூன் ஐந்திலிருந்து, அப்படி அளவு அனுப்பும் இசாக்கா என்பவரின் ஊரிலிருந்து ஒன்றும் வரவில்லை. அக்கா வெறும் கட்டங்களில் பூச்சியம் போட்டார். நாற்பது நாள், நாற்பது பூச்சியம். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாலைவனத்தில் மழை பெய்யாததில் என்ன அதிசயம் என்று நினைத்த மேதாவி நான்.

ஜூலை நடுவில் ஒரு காலை, எட்டு மணிக்கு, இசாக்காவின் எண்ணிலிருந்து செய்தி வந்தது. 'ஜூன் 14. 26 மில்லிமீட்டர்.' மறுநாள் அதே நேரம், 'ஜூன் 17. 19.' அதற்கு மறுநாள், 'ஜூன் 21. 31.' ஒவ்வொன்றும் அக்கா பூச்சியம் போட்ட ஒரு நாளைத் திருத்தியது.

"சிக்னல் இல்லாமல் கிடந்த மெசேஜ் இப்பதான் வருது போல" என்றேன்.

அக்கா அங்குள்ள களப்பணியாளர் ஹாசனை அழைத்தார். இசாக்கா ஜூன் நான்காம் தேதியே இறந்துவிட்டார் என்றார் ஹாசன். அவருடைய போன் பற்றரி கழற்றியபடி ஹாசனின் மேசைக்குள்ளேயே கிடந்தது. மழைமானியை அதன்பிறகு யாரும் தொடவில்லை.

அப்படியென்றால் இதை அனுப்புவது யார் என்று கேட்கச் சொன்னேன். அக்கா கேட்டது வேறு. அந்த நாட்களில் மழை பெய்ததா?

"ஊரே நனைந்தது" என்றார் ஹாசன். "முந்திய வருடம் உங்கள் பேச்சைக் கேட்காமல் விதைத்தவர்கள் விதையை இழந்தார்கள். அதனால் இந்த முறை ஒருவரும் விதைக்கவில்லை. நீங்கள் பொறுங்கள் என்றீர்களே. இனி விதைத்தாலும் கதிர் முற்றாது. ஆண்கள் வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறார்கள்."

அந்த ஊரில் அறுபத்திரண்டு குடும்பங்கள். தவறு தன்னுடையது என்று அக்கா அப்போதே ஹாசனிடம் சொன்னார்.

மறுநாளும் எட்டு மணிக்குச் செய்தி வந்தது. அந்த எண்ணை முடக்கிவிடலாம் என்று கெஞ்சினேன். எனக்குப் பயம், மறைப்பானேன். அக்கா அந்த நாளின் பூச்சியத்தை அழித்துவிட்டு 14 மில்லிமீட்டர் என்று பதிந்தார்.

"அந்த மனுசன் என்னோட கோவிக்கேல்லைப் பிள்ளை" என்றார். "செத்த பிறகும் தன்ர வேலையைச் செய்யிறார். உயிரோட இருந்து செய்யாமல் விட்டது நான்."